அவிழ்க்க முடியாத சுவடி

கதையும் கவிதையும் பேசக் கூடிய நாங்கள், மடிக்கணினியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராயப் புறப்பட்டிருப்பது நண்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆயினும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று தாளைத் தொடுவதே அரிது. முதல் வரைவு, திருத்தம், மெய்ப்பு, கடிதம், தள்ளிவைத்த கவிதை, பாதியில் நின்ற நாவல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டி எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதில் எழுதுகிறவனுக்கு அக்கறை இருந்தே ஆகவேண்டும் என்று கருதுகிறோம்.

எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "மடிக்கணினி வாங்கிவிட்டேன், இடம் போதவில்லை. சேமிப்பகத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ள முடியுமா?" இயந்திரத்தைப் பொறுத்தது என்பதே நேர்மையான பதில். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பதில் 'முடியும்' என்பதிலிருந்து 'முடியாது' என்பதை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்ந்து வந்திருக்கிறது. வாங்குகிறவர்களாகிய நம்மை யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் சொல்லவும் இல்லை. இது குறித்த எங்கள் கருத்தை ஒளிவுமறைவின்றி வைக்கவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் வட்டத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள்.

எங்கள் மதிப்பிற்குரிய மூத்த சிறுகதையாளர் ஒருவர் எழுபது வயதைக் கடந்த பிறகு முதன்முறையாக நாவல் எழுதத் தொடங்கினார். கைநடுக்கம் காரணமாகப் பேனா ஒத்துவரவில்லை. மகன் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார். மெல்லியது, எடை குறைந்தது, பார்க்க அழகானது. மூன்று ஆண்டுகள் அதில் எழுதினார். பதினோராம் அத்தியாயம் முடிந்ததாக ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பத்து நாட்கள் கழித்து இயந்திரம் விழிக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையிலிருந்த இளைஞர் பின்மூடியைத் திறந்து காட்டினார். "சார், இதுல ஹார்ட் டிஸ்க்னு தனியா ஒண்ணும் கிடையாது. எல்லாம் போர்டுலயே ஒட்டியிருக்கு. போர்டு போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார். தயாரிப்பாளரின் சேவை மையத்தில் பலகையையே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் கோப்புகள்? அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அச்சிட்ட தாளை நீட்டினார்கள். தரவு மீட்கும் நிபுணர் ஒருவரிடமும் போனோம். சில்லுகளைப் பெயர்த்தெடுத்தாலும் பயனில்லை, உள்ளிருப்பவை மறையாக்கம் செய்யப்பட்டவை, அதன் திறவுகோல் அந்த இறந்த பலகையோடு போயிற்று என்றார். முன்பு எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய முதல் ஆறு அத்தியாயங்கள் மட்டுமே மிஞ்சின.

இரண்டாம் நிகழ்ச்சி. எங்கள் நண்பர் ஒருவர் 2009-இல் வாங்கிய மடிக்கணினி. கனமானது, அழகற்றது. 160 ஜிபி வன்தட்டோடு வந்தது. 2016-இல் அது நிறைந்து, வேகமும் குன்றியபோது நண்பர் அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி, பழைய வன்தட்டை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினார். இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் இளமையோடு உழைத்தது. பின்னர் அதன் பலகையும் ஒருநாள் செத்தது. நண்பர் பதற்றப்படவில்லை. அதே திருகாணிகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை உருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உறைப்பெட்டி ஒன்றில் செருகி, வேறொரு கணினியின் யூஎஸ்பி துளையில் பொருத்தினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பத்தாண்டு எழுத்தும் அங்கே இருந்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சியவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது என்பதைத் தவிர ஓர் எழுத்தும் இழப்பில்லை.

இரண்டு இயந்திரங்களும் செத்தன. ஒன்றில் எழுத்து பிழைத்தது. மற்றதில் எழுத்தும் உடன்கட்டை ஏறியது.

இவ்வேறுபாட்டுக்கான காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். பேச்சில் 'மெமரி' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்குகிறோம். கணினி வேலை செய்யும் நேரத்தில் மட்டும் நினைவில் வைத்திருப்பது நினைவகம். மின்சாரம் நின்றால் அது மறந்துவிடும். நாம் எழுதியதைக் காத்துவைப்பது சேமிப்பகம். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் அமைகிறது. முதலாவது, 2.5 அங்குலப் பெட்டி வடிவம். பழைய வன்தட்டுகளும் சாட்டா வகை எஸ்எஸ்டிகளும் இதில் அடங்கும். இரண்டாவது, எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை. பரவலாகக் கிடைப்பது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. புத்தகத்தில் செருகும் அடையாளச் சீட்டைவிடச் சிறியது. இவ்விரண்டையும் கழற்றலாம், மாற்றலாம். மூன்றாவது, தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்ட சில்லு. விலை குறைந்த கணினிகளில் இது இஎம்எம்சி என்ற பெயரில், 32 அல்லது 64 ஜிபி அளவில் வந்தது. விலை உயர்ந்தவற்றிலோ வேகமும் கொள்ளளவும் மிகுந்த வடிவில் இருக்கிறது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே பூட்டு!

இம்மாற்றம் எப்படி வந்தது என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் வரலாறே தெளிவான சான்று. 2006-இல் வந்த அதன் மேக்புக்கில் மின்கலத்தைக் கழற்றினால் உள்ளே வன்தட்டை உருவி எடுக்கலாம். எப்படிச் செய்வது என்று அந்நிறுவனத்தின் கையேடே படம் போட்டுக் கற்பித்தது. 2012-இல் ரெடினா திரையோடு வந்த மேக்புக் ப்ரோவில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. சேமிப்பகம் தனிப் பட்டையாக இருந்தாலும், அது கடையில் கிடைக்கும் எதனோடும் பொருந்தாத சொந்த வடிவம். 2015-இன் 12 அங்குல மேக்புக்கிலும், 2016-இல் டச் பார் வந்த ப்ரோ வகைகளிலும் சேமிப்பகமும் பலகையோடு ஒட்டியது. 2018 முதல் ப்ரோ வகைகளில் டி2 என்ற சில்லு சேமிப்பகத்தின் மறையாக்கத் திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2020-இல் வந்த எம்1 சில்லோ அவ்வேலையைச் செயலிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு பதினான்கு ஆண்டுகளில் ஒரு திருகாணி ஒரு பூட்டாக மாறிய கதை இது. வேறு பல நிறுவனங்களும் தம் மெல்லிய கணினிகளில் இவ்வழியே சென்றன.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பற்றவைத்த சில்லுக்கு இணைப்பான் வேண்டாம். சில மில்லிமீட்டர் மிச்சமாகும். அதிர்விலும் வீழ்ச்சியிலும் தளர்ந்துபோகும் இணைப்பு ஒன்று குறையும். மறையாக்கத் திறவுகோல் செயலியோடு பிணைந்திருந்தால், திருடன் சேமிப்பகத்தைப் பிரித்தெடுத்தாலும் படிக்க முடியாது. கடைசி வாதம் வலுவானது. பத்திரிகையாளருக்கும் ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளான எழுத்தாளருக்கும் அது உயிர்க்காப்பாகவே இருக்கக்கூடும். இதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பைக் கழற்றத்தக்க சேமிப்பகத்தோடும் தர முடியும். எம்.2 பட்டை உள்ள கணினிகளிலும் முழு மறையாக்கம் இயங்குகிறது. விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தருகிறது. அதை எழுதிவைத்துக்கொண்டவர் தம் சேமிப்பகத்தை வேறு கணினியில் பொருத்தித் திறக்கலாம், திருடனால் முடியாது. அதாவது திறவுகோல் உரிமையாளரிடம் இருக்கிறது. மெலிவு என்ற வாதமும் முழுமையாக நிற்கவில்லை. ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனம் 2021 முதல் விற்கும் மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம், நினைவகம், மின்கலம் ஆகியவற்றை வாங்கியவரே ஒரு திருப்புளியால் மாற்றிக்கொள்ள இயலும்படி வடிவமைத்துக் காட்டியது. ஆப்பிளே 2024-இல் வெளியிட்ட எம்4 மேக் மினி என்ற மேசைக்கணினியில் சேமிப்பகத்தைக் கழற்றத்தக்க தனித்துண்டாக வைத்தது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021-இல் சீனத்தின் குவாங்சோ நகரத்துப் பழுது நீக்குவோர் எம்1 கணினியின் சில்லுகளைச் சூடேற்றிப் பெயர்த்து, பெரிய சில்லுகளைப் பற்றவைத்து இயக்கிக் காட்டினர். பெரிதாக்குவதற்கு இயற்கை விதி எதுவும் தடையில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் பூவை மாற்ற மரத்தை வெட்டுவது போன்ற அந்த வேலையை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது.

இங்கே விலையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2020-இல் எம்1 சில்லோடு வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ அமெரிக்காவில் 256 ஜிபி அளவில் 1299 டாலர். 512 ஜிபி அளவில் 1499 டாலர். கூடுதல் 256 ஜிபிக்கு 200 டாலர். அந்நாளில் 500 ஜிபி எம்.2 பட்டை ஒன்றை முழுதாகவே நூறு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கலாம். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டிருப்பதால், தேவைப்படுமோ என்ற அச்சத்தில் முதல் நாளே அதிகம் கொடுத்து வாங்குகிறோம். கழற்ற முடியாமை ஒரு வடிவமைப்பு மட்டுமன்று, ஒரு வணிக ஏற்பாடும்கூட என்று நாங்கள் ஐயுறுவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் ஒன்று உண்டு. எஸ்எஸ்டி தேயும் பொருள். அதன் அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்ற வரம்பு உண்டு. சாதாரணப் பயன்பாட்டில் அந்த வரம்பை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பது உண்மையே. ஆனாலும் தேயும் உறுப்பை மாற்ற இயலாதபடி வைப்பது எந்த ஊர் நியாயம்? திரி எரிந்து தீரும் என்று அறிந்த கொல்லன் திரியை விளக்கோடு சேர்த்து வார்ப்பதில்லை. சக்கரம் தேயும் என்று அறிந்த தச்சன் அதை வண்டியோடு ஒரே மரத்தில் கடைவதில்லை. எது முதலில் தேயுமோ அதை எளிதில் கழற்றும்படி வைப்பதுதான் கைவினையின் ஆதி அறம்.

"எழுதுகிறவனுக்கு இவ்வளவு இடம் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு வீதம் கணக்கிட்டாலும், ஒரு பெரிய நாவலின் வெறும் எழுத்து சில எம்பிக்குள் அடங்கிவிடும். எழுத்து மட்டுமே என்றால் 64 ஜிபியிலேயே ஒரு நூலகத்தை அடைக்கலாம். ஆனால் பழைய சிற்றிதழ்களை வருடி எடுத்துக் காக்க முனைந்தவர்களுக்கு நிலைமை வேறு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் ஏறக்குறைய 26 எம்பி. 64 பக்க இதழ் ஒன்று 1.6 ஜிபியைத் தாண்டும். பத்தாண்டு வெளிவந்த மாத இதழ் ஒன்றின் 120 இதழ்களுக்கு ஏறக்குறைய 200 ஜிபி தேவை. புள்ளிகளை 600 ஆக்கினால் இது நான்கு மடங்கு! 256 ஜிபி கணினியோடு இவ்வேலையைத் தொடங்குகிறவர் இரண்டாவது இதழுக்கு வருமுன்னே சுவரில் முட்டிக்கொள்வார். வெளிச் சேமிப்பகத்தை இணைத்துக்கொள்ளலாம்தான். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் வீட்டில் இடமிருக்கத் திண்ணையில் அரிசி மூட்டையை அடுக்கும் வாழ்க்கை அது.

ஆயினும் மூத்தவரின் நாவல் இடமின்மையால் போகவில்லை என்பதை மறக்கக்கூடாது. அவருடைய பதினோரு அத்தியாயமும் சேர்ந்து ஓர் எம்பிக்கு மேல் இருந்திருக்காது. ஆகவே 'பெரிதாக்க முடியுமா' என்ற கேள்விக்குப் பின்னால் இன்னும் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது: 'பிரித்தெடுக்க முடியுமா?' இரண்டுக்கும் விடை ஒன்றே. பெரிதாக்கத்தக்கது எதுவோ அது பிரிக்கவும் தக்கது.

நம் முன்னோரின் சேமிப்பகத்தை எண்ணிப் பார்க்கிறோம். ஓலைச்சுவடியின் ஏடுகளில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். கயிற்றை அவிழ்த்தால் ஏடு தனி, சட்டம் தனி. செல்லரித்த ஏட்டை எடுத்துவிட்டு அதைப் படியெடுத்த புது ஏட்டைக் கோக்கலாம். நூல் வளர்ந்தால் ஏடுகளைக் கூட்டலாம். சட்டம் உடைந்ததற்காக எந்த நூலும் அழிந்ததில்லை. பற்றவைத்த சேமிப்பகம் என்பது ஏடுகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பசையிட்டு ஒட்டிய சுவடி.

அதே சுவடி நமக்கு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அவிழ்க்க முடிந்த சுவடிகளும் ஏராளமாக அழிந்தன. படியெடுக்கப்பட்டவையே நம் கைக்கு வந்தன. கழற்றத்தக்க சேமிப்பகம் வைத்திருப்பதாலேயே நம் எழுத்து பிழைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. எஸ்எஸ்டி முன்னறிவிப்பின்றிச் சாகக்கூடியது. ஆகவே படியெடுத்தல் எல்லோருக்கும் கடமை. கழற்ற முடியாத கணினி வைத்திருப்பவருக்கு அன்றாடக் கடமை. மூத்தவர் அந்த ஆறு அத்தியாயங்களை எங்களுக்கு அனுப்பியது கருத்துக் கேட்பதற்காக. ஆனால் அதுவே படியெடுப்பாக அமைந்து, அவற்றைக் காப்பாற்றியது.

சரி, என்ன செய்வது? புதிதாக வாங்குகிறவர் விற்பனையாளரிடம் "எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "சேமிப்பகம் எந்த வகை? கழற்றலாமா? இரண்டாவது பட்டைக்கு இடம் உண்டா?" என்று கேட்க வேண்டும். விவரத்தாளில் 'எம்.2 2280' என்று இருந்தால் நல்ல அறிகுறி. 'இஎம்எம்சி' என்று இருந்தால் அதுவே இறுதி அளவு. லெனோவோவின் திங்க்பேட் வகைகளுக்கும் டெல்லின் பல வகைகளுக்கும் பிரித்துப் பூட்டும் முறையை விளக்கும் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் அதில் சேமிப்பகத்தைக் கழற்றும் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே வைத்திருப்பவர் பெரிதாக்க விரும்பினால், பட்டையின் நீளமும் (30, 42, 80 மில்லிமீட்டர்) அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்பதும் ஒத்துப்போக வேண்டும். உருவில் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றன் இடத்தில் மற்றது இயங்காமல் போகலாம். கழற்றுமுன் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதே கணினிக்குள் எழுதிவைப்பது சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும்.

இவையெல்லாம் தனிமனிதர் செய்யக்கூடியவை. அரசு செய்யவேண்டியதும் உண்டு. பிரான்சு 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுது நீக்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டு விற்பனையிடத்தில் காட்டவேண்டும் என்று சட்டமாக்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. பாராட்டத்தக்க தொடக்கம், ஆனால் அது தகவல் தரும் ஏற்பாடுதான், கட்டளையன்று. எங்கள் கோரிக்கை மிக எளியது. அட்டைப்பெட்டியின் மேல் 'சேமிப்பகம் 256 ஜிபி' என்று அச்சிடும் அதே அளவு எழுத்தில், 'பின்னர் மாற்ற இயலாது' என்றும் அச்சிடட்டும். பிறகு வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். மெலிவுக்காகத் தெரிந்தே விட்டுக்கொடுப்பவரை நாங்கள் குறைசொல்லமாட்டோம். தெரியாமல் இழப்பவருக்காகவே பேசுகிறோம்.

மூத்தவரை அண்மையில் சந்தித்தோம். செத்துப்போன மடிக்கணினி அவருடைய புத்தக அலமாரியில், துணியால் போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. "தூக்கிப் போட மனசு வரலப்பா. உள்ளே அஞ்சு அத்தியாயம் இருக்குல்ல" என்றார். ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறார். வாய்மொழியாக அவர் சொல்ல, பேத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறாள். முன்பு எழுதியது போல் வரவில்லை என்று அவருக்கு வருத்தம். நாங்கள் அதை வாங்கி வந்து தட்டச்சிட்டு, மூன்று இடங்களில் படி வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்று, நண்பரின் 2009-ஆம் ஆண்டு மடிக்கணினியிலிருந்து கழற்றிய அந்த எஸ்எஸ்டி.